மறுமொழி: மோட்டிலினுக்குக் ‘குடல்முறுக்கி’ வேண்டாமே

வணக்கம் அக்கா, உங்கள் துண்டறிக்கைக்கு நீங்கள் சொன்ன தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

> மோட்டிலின் குடல் தசையைச் சுருங்க வைக்கும் ஹார்மோன். ‘குடல்முறுக்கி’ என்றால் கேட்டவுடன் விளங்கும்.

விளங்கும், அதுதான் சங்கடம். குடல் முறுக்கம் என்றால் குடல் தன்னைத்தானே திருகிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைப்படுவது. தாமதிக்காமல் கத்தி வைக்க வேண்டிய சமாச்சாரம். தன் உடம்பிலேயே ‘குடல்முறுக்கி’ ஊறுகிறது என்று உங்கள் துண்டறிக்கையில் படித்தவர் ராத்திரி தூங்க மாட்டார்.

மோட்டிலின் வேலை முறுக்குவதும் அல்ல. வயிறு காலியாக இருக்கும்போது, ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சுருக்க அலை கிளம்பிச் சிறுகுடல் நெடுகப் போகும். மிச்சம் மீதி, உதிர்ந்த செல்கள், பாக்டீரியா எல்லாவற்றையும் பெருங்குடல் பக்கம் தள்ளிவிடும். இரைப்பையில் அதைக் கிளப்பிவிடுவது மோட்டிலின். சாப்பிட்டால் அலை நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதை வீடு கூட்டும் ஆளுக்கு ஒப்பிடுவார்கள். நம் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகுதானே தூர்வார இறங்குவார்கள்? அதனால் அந்த அலைக்குத் ‘தூர்வாரலை’ என்று முன்வைக்கிறேன்.

> அப்புறம் ஹார்மோனுக்கு என்ன பெயர்?

மோட்டிலின் என்றே இருக்கட்டும். செயலை வைத்து ஹார்மோனுக்குப் பெயரிட்டால் பாதிதான் சொன்னதாகும். 1928-இல் பெயர் பெற்ற கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைப் பாருங்கள். உடைத்தால் ‘பித்தப்பையை அசைப்பது’ என்று வரும். கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றிய ஒப்புட்டு உள்ளே போனால் இந்த ஹார்மோன் சிறுகுடலின் முதல் பகுதியில் சுரந்து பித்தப்பையைப் பிழியும். பையில் கல் இருந்தால் தாம்பூலப் பை வாங்கும் முன்பே வலது விலாவுக்குக் கீழே வலி கிளம்பலாம். ஆனால் அதே ஹார்மோன் பித்தநாள வாயிலுள்ள சுருக்குத் தசையைத் தளர்த்துகிறது, இரைப்பை காலியாவதையும் மட்டுப்படுத்துகிறது. ஒரு கையால் பிழிந்து மறு கையால் மடை திறக்கிற ஆளைச் ‘சுருக்கி’ என்பதா, ‘தளர்த்தி’ என்பதா? குளுக்ககான் என்ற ஹார்மோனும் அப்படித்தான். சர்க்கரைக் கணக்கில் பேர் வாங்கியது, எண்டோஸ்கோப்பியின்போது குடலை அசையாமல் வைக்க ஊசியாகவும் போடுகிறார்கள்.

> ஸ்பாஸம் = இசிவு. அகராதியிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. தசை இறுகியபடியே நிற்பதுதான் ஸ்பாஸம். ஆனால் இசிவு என்றதும் கை கால் வெட்டி இழுப்பதுதான் கண்ணில் வரும். தசைப்பிடிப்பு கெண்டைக்காலுக்குப் போய்விட்டது.

பெருந்துறையில் என் மருந்துக்கடைக்குப் போன மாதம் ஒரு அம்மா வந்தார். மஞ்சள் வேக வைக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, நகக்கண் எல்லாம் மஞ்சள். “வயித்தச் சுருட்டிப் புடிக்குதுங்க தம்பி, உட மாட்டேங்குது” என்று முஷ்டியை இறுக்கிக் காட்டினார். தொண்டைப் புண்ணுக்கு எரித்ரோமைசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்து மோட்டிலின் போய் உட்காரும் ஏற்பியிலேயே உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சமாக இருந்தால் தூர்வாரலை கிளம்பும், அளவு கூடினால் தறிகெட்ட சுருக்கம். எழுதிக்கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பினேன்.

நமக்கு வேண்டிய வேறுபாடு அந்தக் கையிலேயே இருந்தது. அலை என்றால் கை மூடும், திறக்கும், அடுத்த இடத்துக்கு நகரும். இது மூடியது மூடியபடி நிற்கிறது. ஆகவே ‘சுருட்டுப்பிடிப்பு’. டைசைக்ளோமின் மாதிரி மாத்திரைகளுக்குப் ‘பிடிப்புத்தளர்த்தி’ என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு உறுத்தல். வீட்டில் சொன்னேன், “சுருட்டுப் பிடிச்சா வயிறு எதுக்கு வலிக்குது, நெஞ்சுதான வலிக்கோணும்?” என்று சிரிக்கிறார்கள். ‘சுருள்பிடிப்பு’ தேவலையா? கடை சாத்திவிட்டு வந்து உங்கள் பதிலைப் பார்க்கிறேன்.