மடக்குக்கத்தி, ஒன்றொழி, கவிழ்நிலை: ஜாக்நைஃபுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நாகர்கோவில், செவிலியர் பயிற்றுநர்

எல்லோருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான கையேட்டில், ஆபரேஷன் டேபிளில் நோயாளியைக் கிடத்தும் முறைகள் என்ற பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். மல்லாந்த நிலை, ஒருக்களித்த நிலை, குப்புற நிலை எல்லாம் எழுதியாயிற்று. ஜாக்நைஃப் பொசிஷனில் வந்து நிற்கிறேன். வெள்ளிக்கிழமை மார்த்தாண்டத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஜாக்நைஃப் என்றால் மடக்குக்கத்தி. நாமெல்லோரும் சேர்ந்து தொகுக்கிற பொதுக் கலைச்சொற்பட்டியலில் புள்ளியியல் பகுதியிலும் இதே சொல் இருக்கிறது, அங்கே "மடக்குக்கத்தி முறை" என்று போட்டிருக்கிறார்கள். நானும் "மடக்குக்கத்தி நிலை" என்று எழுதிவிடலாமா?

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியைக் குப்புறக் கிடத்தி, டேபிள் மடங்கும் இடத்துக்கு நேராக இடுப்பு வரும்படி வைத்து, டேபிளை மடக்குவார்கள். இடுப்பு உயர்ந்து நிற்கும், தலைப்பக்கமும் கால்பக்கமும் தாழும். மூலம், பவுத்திரம், வாலெலும்புக்கு மேலே சீழ்ப்புழையாக வரும் பைலோநிடல் சைனஸ் இவற்றுக்கெல்லாம் இதுதான் வசதி. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் மெத்தை கொடுத்து வயிறு அழுந்தாமல் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு சிரமம். கண், முகம், முழங்கால், கால்விரல் எதுவும் அழுந்தக்கூடாது. இந்தப் பெயர் ஒப்புதல் படிவத்திலும் வரும், அதாவது நோயாளியும் வாசிப்பார் என்பதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தக்கலை, புள்ளியியல் ஆசிரியர்

சிஸ்டர், பட்டியலில் அதைப் போட்டபோதே எனக்கு உடன்பாடில்லை. இரண்டு துறையிலும் ஒரே ஆங்கிலச் சொல் இருப்பது உண்மை, ஆனால் பெயர் வந்த காரணம் வேறு வேறு. உங்களிடத்தில் கத்தி மடங்குகிற வடிவம்தான் பெயர். எங்களிடத்தில் மடங்குவது எதுவுமே கிடையாது. 1949இல் மாரிஸ் கெனூயி, மதிப்பீடு உண்மை மதிப்பிலிருந்து ஒரே பக்கமாக விலகுகிற பிறழ்ச்சியைக் குறைக்க ஒரு வழி சொன்னார், 1956இல் அதை விரிவாக்கினார். 1958இல் ஜான் டூக்கி அதை நம்பிக்கை எல்லை, அதாவது உண்மை மதிப்பு அநேகமாக எந்த வரம்புக்குள் இருக்கும் என்பதைக் காண்பதற்கும் நீட்டி, ஜாக்நைஃப் என்று பேர் வைத்தார். தனித்தனி வேலைக்குத் தனிக் கருவிகள் இருந்தாலும், பையில் கிடக்கிற ஒரு கத்தி எல்லா அவசரத்துக்கும் ஓரளவு உதவும், அந்த அர்த்தத்தில் வைத்தது. டூக்கி பேர் வைப்பதில் கெட்டிக்காரர், கணினியில் நாம் சொல்கிற "பிட்" அவர் தந்ததுதான்.

வகுப்பில் நான் சொல்கிற கணக்கு இது. குளச்சலில் மூன்று வள்ளம் கரை வந்தது, 2, 4, 9 கூடை மீன். சராசரி 5. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவுகளின் வர்க்கக் கூட்டல் 26. அதை 3ஆல் வகுத்தால் பரவற்படி, அதாவது தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு, 8.67, ஆனால் இது குறைத்து மதிப்பிடும் என்பது நமக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு வள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் கணக்குப் போடுங்கள். 2ஐ விட்டால் 6.25, 4ஐ விட்டால் 12.25, 9ஐ விட்டால் 1. மூன்றின் சராசரி 6.5. முதலில் வந்த விடையை 3ஆல் பெருக்கினால் 26, அதிலிருந்து 6.5இன் இரண்டு மடங்கைக் கழித்தால் 13. அதாவது 26ஐ 2ஆல் வகுத்த விடை. எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த விடை தானாக வந்து நிற்கிறது. இதைப் பார்த்த பிள்ளைக்கு "ஒன்றொழி முறை" என்றால் உடனே புரியும். மடக்குக்கத்தி என்றால் எதை மடக்க வேண்டும் என்று கேட்கும்.

அருமனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மக்களே, இருவரும் "மடக்கு" என்ற நல்ல சொல்லை அவசரப்பட்டுக் கைவிடுகிறீர்கள். மடி, மடங்கு, மடக்கு, மடிப்பு, மும்மடங்கு எல்லாம் ஒரே வேரில் தழைத்தவை. ஒன்றை மடித்தால் அது இரண்டாகிறது, அதனால்தான் மடங்கு என்பது பெருக்கத்துக்கும் வந்தது. தக்கலை சார் இப்போது 3ஆல் பெருக்கிக் கழித்தாரே, அது மடங்கு இல்லாமல் என்ன? அணியிலக்கணத்தில் மடக்கு என்ன செய்கிறது? வந்த சொல்லே மறுபடி மறுபடி வருகிறது, வரும்போதெல்லாம் வேறு பொருள் தருகிறது. ஒரே தரவை மறுபடி மறுபடி எடுத்து ஒவ்வொரு தடவையும் வேறு விடை காண்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? டேபிளும் மடங்குகிறது, தரவும் மடக்காக வருகிறது. ஆகவே இரண்டுக்கும் "மடக்கு", மடக்குமுறை, மடக்குநிலை.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் கத்திதான், நம் குடும்பச் சொல். விளவங்கோட்டுப் பக்கம் பிச்சாத்தி என்போம், தேங்காய் வெட்ட வெட்டோத்தி. 1956 நவம்பர் 1இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு பள்ளியில் படித்தவர்கள் இந்தச் சொற்களை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள், எழுத்தில் கொண்டுவரவில்லை. தொல்காப்பியப் பாயிரம் சொல்கிற அதங்கோட்டாசான் நம் அதங்கோட்டுக்காரர் என்று பெருமை பேசுகிறோம், அந்த ஊர்ச் சொல் ஒன்றைக் கலைச்சொல்லாக்க ஏன் தயங்க வேண்டும்? மடக்குப்பிச்சாத்தி என்று நான் வற்புறுத்தவில்லை, ஆனால் அப்படி ஒரு சொல் நம்மிடம் உண்டு என்பது பதிவாகட்டும்.

நாகர்கோவில், மேல்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியை

ஐயா, "மடக்கு" எங்களுக்கு ஆகாது. மடக்கை என்றால் லாகரிதம், பாடநூலிலேயே அப்படித்தான் இருக்கிறது. மடக்கை அட்டவணைக்கும் மடக்கு முறைக்கும் நடுவில் ஒரு ஐகாரம்தான் வித்தியாசம். புள்ளியியல் படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒரே வருஷத்தில் சந்திக்கும்.

குழித்துறை, மயக்க மருத்துவர்

"மடி" என்று தொடங்கும் எதையும் தயவுசெய்து ஒப்புதல் படிவத்தில் எழுதாதீர்கள். மடிப்பு நிலை, மடிநிலை எல்லாம் உங்களுக்கு வேரும் கிளையுமாகத் தெரியும், ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அதை வாசிக்கிறவருக்கு மடிதல் என்றால் சாவு. கத்தியும் அப்படித்தான். ஏற்கெனவே பயந்துபோய் வந்திருக்கிறவரிடம் "உங்களை மடக்குக்கத்தி நிலையில் வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

தியேட்டருக்குள்ளே எல்லோரும் ஜாக்நைஃப் என்றுதான் சொல்கிறோம், இனியும் அப்படித்தான் சொல்வோம். நோயாளியைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் நாலு பேருக்கும் ஒரே சொல் தெரிந்திருக்க வேண்டும், திருப்பும்போதும் டேபிளை மடக்கும்போதும் ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் தாழ்ந்திருப்பதால் ரத்தம் அங்கே தங்கும். அந்த நேரத்தில் புதுச்சொல்லுக்கு அர்த்தம் யோசிக்க முடியாது. வேறு பெயர்தான் வேண்டுமென்றால் கிராஸ்கே நிலை என்றும் உண்டு, பால் கிராஸ்கே என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் பெயரில். அது யாரையும் பயமுறுத்தாது, ஆனால் எதையும் விளக்கவும் செய்யாது.

கொல்லங்கோடு, மொழிபெயர்ப்பாளர்

டாக்டர் சொல்வதை அப்படியே ஏற்றால் நாம் இந்தப் பட்டியலே போட வேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார், நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அவருக்கு இருந்த துணிவு நமக்கு வேண்டாமா? "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ" என்று தொல்காப்பியர் கடன் வாங்குவதற்கே ஒழுங்கு சொல்லியிருக்கிறார். ஜகரமும் ஆய்தமும் பகரமும் சேர்ந்த அந்தச் சொல்லை அப்படியே இறக்கிவைப்பது எந்த ஒழுங்கு? தியேட்டரில் வாயால் என்ன சொன்னாலும் சரி, ஏட்டில் தமிழ் இருக்கட்டும். ஏட்டில் இருந்தால் அடுத்த தலைமுறை வாயில் வரும்.

என் முன்மொழிவு "இடுப்புயர் கவிழ்நிலை". கவிழ்தல் குப்புறக் கிடப்பதைச் சொல்லிவிடும், இடுப்பு உயர்ந்திருப்பதையும் பெயரே சொல்லிவிடும், சாவும் இல்லை கத்தியும் இல்லை.

ஆரல்வாய்மொழி, பொறியாளர்

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. வண்டித் துறையிலும் இந்தச் சொல் உண்டு. முப்பந்தலுக்குக் காற்றாலை இறக்கை ஏற்றிவருகிற நீளமான ட்ரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இணைப்பு வண்டியில் சக்கரம் பூட்டி வழுக்கினால், பின்வண்டி பக்கவாட்டில் வீசி முன்வண்டியை நோக்கி மடங்கிவிடும். அதற்கும் ஜாக்நைஃப் என்றுதான் பேர். அங்கே "மடங்கிச் சாய்தல்" என்று நான் எழுதுவேன், மடக்குதல் இல்லை, யாரும் மடக்கவில்லை, அதுவாக மடங்குகிறது. தன்வினை பிறவினை பார்த்துத்தான் போட வேண்டும். அந்தக் கணக்கில் டேபிளுக்கு மடக்கு, லாரிக்கு மடங்கு, புள்ளியியலுக்கு இரண்டும் இல்லை. தக்கலை சார் சொன்னதுதான் சரி, மூன்றில் அது ஒன்றுதான் ஒட்டாமல் நிற்கிறது.

பளுகல், திருவனந்தபுரத்தில் தரவு வேலை

சார், ஒன்றொழி முறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தடை. கணிப்பு மாதிரியை (மாடலை) சோதிக்க ஒரு தரவை வெளியே வைத்து மற்றவற்றால் கணித்துப் பார்க்கிற குறுக்குச் சரிபார்ப்பு உண்டே, அதற்கும் "ஒன்றை விடு" என்றுதான் ஆங்கிலத்திலேயே பேர். ஜாக்நைஃபை ஒன்றொழி என்றால் அதை என்ன சொல்வது? அதோடு ஒன்றுக்குப் பதிலாகப் பலவற்றைச் சேர்த்து விடுகிற ஜாக்நைஃபும் இருக்கிறது, தேவையில்லாமல் வந்தது இல்லை. ஒன்று மட்டும் விடுகிற முறை இடைநிலை அளவுக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணுக்கு, சரிப்படாது. இரட்டைப்படையாகத் தரவு இருந்தால் எதை விட்டாலும் நடுவிலிருக்கிற இரண்டு எண்ணில் ஒன்றுதான் விடையாக வரும், அதை வைத்துப் பரவல் எப்படிக் காண்பது? இதையெல்லாம் யோசித்துத்தான் 1979இல் பிராட்லி எஃப்ரான், இருக்கிற தரவிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்துக் கணக்கிடுகிற பூட்ஸ்ட்ராப் முறையைக் கொண்டுவந்தார், அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே ஜாக்நைஃப் இருக்கிறது. அதனால் எண்ணிக்கையைச் சொல்லாமல் "கூறொழி முறை" என்று வைத்தால் இரண்டும் அடங்கும். "ஒன்றுவிடு சரிபார்ப்பு" தனியாக நிற்கட்டும்.

தக்கலை, புள்ளியியல் ஆசிரியர்

தம்பி சொல்வது சரியான தடை. ஆனாலும் முதலில் கற்கிற பிள்ளைக்கு ஒன்று என்ற சொல்தான் கைப்பிடி. ஒன்றொழி என்பதை வகுப்புக்கும், கூறொழி என்பதைப் பொதுப்பெயராகப் பட்டியலுக்கும் வைக்கலாம். கூறொழி ஜாக்நைஃப், ஒன்றொழி ஜாக்நைஃப் என்று பின்னாலே ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிக்கொள்ள எனக்கு வருத்தமில்லை, தேர்வுத்தாளில் அதுதானே வரும்.

அருமனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கூறொழி என்று சொல்லும்போது "கூறு" என்பது பேச்சா பங்கா என்று தெரியாது. கூறாமல் ஒழிதல் என்றும் படிக்கலாம். கணித டீச்சர் சொன்ன மடக்கைத் தடைக்கும் பதில் இருக்கிறது, மடக்கையும் இதே வேர்தான், உறவுச் சொற்கள் அருகருகே இருப்பதில் குழப்பமில்லை, தெளிவுதான். அது மட்டுமில்லை, மடங்கல் என்று சிங்கத்துக்கும் பேர்.

குழித்துறை, மயக்க மருத்துவர்

ஐயா, மடங்கல் கூற்றுவனுக்கும் பேர். படிவத்துக்கு வேண்டாம் என்று நான் சொன்னது அதனால்தான்.

இடுப்புயர் கவிழ்நிலை பற்றி: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழங்காலும் நெஞ்சும் டேபிளில் ஊன்றுகிற இன்னொரு நிலை இருக்கிறது, அதிலும் கவிழ்ந்துதான், இடுப்பு உயர்ந்துதான். மாணவி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. ஜாக்நைஃபில் உடம்பைத் தாங்குவது மடங்கிய டேபிள், முழங்கால் இல்லை.

நாகர்கோவில், செவிலியர் பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து காலையிலேயே கேட்டுவிட்டார்கள், அதனால் நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தில் பெயரே இல்லை. "உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புப் பகுதி சற்று உயர்ந்திருக்கும்படி டேபிளைச் சரிசெய்வோம்" என்று வாக்கியமாக எழுதியிருக்கிறேன். கையேட்டில் தலைப்பு "ஜாக்நைஃப் நிலை", அடுத்த வரியில் "மேசைமடக்குக் கவிழ்நிலை", அதன் கீழே முழங்கால் ஊன்றும் நிலையோடு உள்ள வேறுபாடு, படத்தோடு. மேசையை முன்னால் வைத்ததால் மடக்கப்படுவது ஆள் இல்லை என்பது தெரியும், மடக்கு என்ற ஐயாவின் சொல்லும் நிற்கிறது. புள்ளியியலில் பெரும்பான்மை "ஒன்றொழி முறை" பக்கம் இருப்பதாகத் தெரிகிறது, பட்டியலில் அதையே போடுகிறேன், கூறொழியை மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன்.

கொல்லங்கோடு, மொழிபெயர்ப்பாளர்

தலைப்பில் தமிழ் முதலிலும் அந்நியச் சொல் அடுத்த வரியிலும் வந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அருமனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மேசை போர்த்துகீசியச் சொல். "பலகைமடக்கு" என்று போடலாமே. அச்சு தொடங்கிவிட்டதா சிஸ்டர்?