தமிழ்ப் பட்டியலைப் படிக்காமல் பைத்தான் நிரல் நின்றுவிடுகிறது, அவசரம்

நெல்மணி: வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துப் புத்தகப் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இருக்கிறது. அதைப் படித்து, வரிசைப்படுத்தி, அதே கோப்பில் திரும்ப எழுதும் சின்ன நிரல். வீட்டில் ஓடுகிறது, நூலகத்தில் எரர். நாளைக் காலை அச்செடுக்க வேண்டும். உதவுங்கள்.

கடல்காற்று: என்ன எரர்? கடைசி வரியை அப்படியே போடுங்கள். இரண்டு இடத்திலும் என்ன ஓஎஸ்?

சங்கு: கோப்பு எக்செலில் திறந்தே கிடக்கும். மூடிவிட்டு ஓட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் எப்போதும் இதுதான்.

பழந்தறி: எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் முறை பற்றி இங்கே பலமுறை எழுதிவிட்டேன். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

நெல்மணி: ஃபோல்டர் சரிதான் ஐயா. எக்செலும் திறந்தில்லை. வீட்டில் உபுண்டு, அங்கே விண்டோஸ் 10. யூனிகோட் டிகோட் எரர், சார்மேப், 8டி பைட்டைப் படிக்க முடியவில்லை என்கிறது. ஆங்கிலப் பட்டியல் மட்டும் ஒழுங்காக வருகிறது.

கடல்காற்று: அந்த 8டி, மெய்யெழுத்தின் புள்ளி. யூனிகோட் எழுத்தைப் பைட்டாக எழுதும் ஒரு முறை யுடிஎஃப்-8. அந்தக் கோப்பில் புள்ளி இ0, ஏஎஃப், 8டி என்று மூன்று பைட்டாக இருக்கும். என்கோடிங், அதாவது எந்த முறையில் எழுதியது என்று சொல்லாமல் திறந்தால் விண்டோஸில் பைத்தான் பெரும்பாலும் சிபி1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. ஓப்பன் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கொடுங்கள்.

சங்கு: எரர்ஸ் இக்னோர் (பிழையைக் கண்டுகொள்ளாதே) என்று போட்டாலும் ஓடுமே?

கடல்காற்று: ஓடும், புள்ளியின் பைட்டை விழுங்கிவிட்டு. மிச்சமும் குப்பையாக வரும். அதைத் திரும்ப எழுதினால் பட்டியல் போயே போச்சு. தயவுசெய்து வேண்டாம்.

பழந்தறி: யூனிகோடில் தமிழைத் துண்டு போட்டதன் வினை இது. டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் உயிர்மெய்க்கும் ஒரே குறியீடு. 2010-இல் தமிழ்நாடு அரசே ஏற்றது.

மழைக்கால்: யூனிகோடையும் சேர்த்துத்தான் ஏற்றது. டேஸ்16 கோப்பைச் சிபி1252 என்று படித்தாலும் குப்பைதானே வரும்? இவர் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பழந்தறி: தொடர்பு இருக்கிறது. நிரலில் 'கொ' என்பதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 2 என்று வரும்.

நெல்மணி: இப்போது படிக்கிறது! ஆனால் எழுதும்போது என்கோட் எரர். கோப்பைப் பார்த்தால் 0 கேபி. எல்லாம் போய்விட்டதா?

கடல்காற்று: படிக்கும் வரியில் மட்டும் என்கோடிங் போட்டிருப்பீர்கள். டபிள்யூ (எழுதும்) முறையில் திறந்த நொடியே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். அப்புறம் எழுத்தை மாற்ற முடியாமல் நிரல் நின்றதால் காலிக் கோப்பு மிஞ்சியது. எழுதும் வரியிலும் யுடிஎஃப்-8 போடுங்கள். அதோடு வேறு பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ் கொண்டு பெயரை மாற்றுங்கள். வீட்டுப் பிரதி இருக்கிறதா?

நெல்மணி: பென்டிரைவில் இருந்தது. இரண்டு வரியிலும் போட்டேன், வந்துவிட்டது. அச்சுக்கு அனுப்புகிறேன். நன்றி.

மழைக்கால்: அனுப்பும் முன் வரிசையைப் பாருங்கள். பைத்தானின் வெறும் சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) யூனிகோட் குறியீட்டு எண்படி அடுக்கும். ன, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். 'கனவு' மேலே, 'கப்பல்' கீழே என்று இருந்தால் அதுதான் காரணம். நெல்மணி, அனுப்பிவிட்டீர்களா?