ஜம்பரா, பாலமா, கொண்டியா

பொருள்: கையேட்டில் ஜம்பருக்கு என்ன எழுத?
நாகர்கோவில்

வணக்கம். சாக்கெட் 7 (பென்டியம் காலத்து பிராசசர் பொருத்தும் வகை) மதர்போர்டில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு ஓட்டுவதற்கான தமிழ்க் கையேடு பாதிக்கு மேல் ஆகிவிட்டது. இது யாருக்கு என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, எட்டு பிட் தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் அச்சகங்களில் இன்னும் கிடக்கின்றன. பிரின்டர் போர்ட்டில் பூட்டுக்கட்டை செருகினால்தான் திறக்கும் மென்பொருளும் உண்டு. அதற்கெல்லாம் அந்தக் காலத்து மெஷினே தோது.

மதர்போர்டு, பிராசசர், ராம் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டோம். கடையில் போய்க் கேட்கிறவனுக்கு அந்தப் பெயர்தான் உதவும். சிக்கல் ஜம்பரில். பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகிறது, அதுவும் மூன்று பொருளில். போர்டில் நட்டமாக நிற்கும் இரண்டு மூன்று பின்களும் ஜம்பர். அவற்றின் மேல் மாட்டும், உள்ளே தகடு வைத்த பிளாஸ்டிக் துண்டும் ஜம்பர். அதனால் கிடைக்கும் அமைப்பும் ஜம்பர். "ஜம்பரை எடுத்துவிடு" என்று படித்துவிட்டுப் பின்னையே பிடுங்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் பிரித்துச் சொல்லும்படி ஒரு சொல் வேண்டும். குதிப்பி, தாவி மாதிரியான நேர்ப்பெயர்ப்பு வேண்டாம். அந்தத் துண்டு எங்கேயும் குதிக்கவில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பொருள்: மறு: கையேட்டில் ஜம்பருக்கு என்ன எழுத?
தக்கலை

அண்ணாச்சி, ஜம்பர் என்றே விட்டால் என்ன? மின்வாரிய லைன்மேன் முதற்கொண்டு "ஜம்பர் கட்டாயிட்டு" என்றுதானே சொல்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த சொல்.

பொருள்: மறு: கையேட்டில் ஜம்பருக்கு என்ன எழுத?
மார்த்தாண்டம்

தக்கலை சார் சொல்வது கம்பத்தில் ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் சேர்க்கிற துண்டுக் கம்பி. அது வேறு, இது வேறு. போர்டிலும் அப்படியொரு கம்பி உண்டு: தடம் அறுந்த இடத்தில் மேலோடு பற்றவைப்பது. அதையும் ஜம்பர் என்கிறார்கள். ஆக நாலாவது பொருளும் வந்தாச்சு. போதாக்குறைக்கு நம்ம மாவட்டத்தில் வயதான அம்மாமார் ரவிக்கையைத்தான் ஜம்பர் என்பார்கள். "ஜம்பரைக் கழற்றி 2–3இல் மாட்டவும்" என்று அச்சடித்தால் கருங்கல் சந்தையில் நம்மைச் சிரிப்பார்கள்.

பொருள்: மறு: கையேட்டில் ஜம்பருக்கு என்ன எழுத?
குலசேகரம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு மலைக்கு நடுவே, கீழே பறளியாறு ஓட, மேலே தொட்டியில் தண்ணீர் போகிறது. ஜம்பரும் அதே வேலைதான்: இரண்டு பின்னுக்கு நடுவே மின்சாரம் போக வழி. பாலம் என்று வைக்கலாம். தொடுப்பு என்றும் யோசித்தேன்.

பொருள்: மறு: கையேட்டில் ஜம்பருக்கு என்ன எழுத?
மார்த்தாண்டம்

தொடுப்பை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த போர்டில் ரெண்டு தொடுப்பு இருக்கு" என்று எழுதிவிட்டு விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.

பொருள்: மறு: பாலம்
தக்கலை

பாலம் நல்ல சொல்தான், ஆனால் இடம் காலியில்லை. சிப்செட்டின் இரண்டு பெரிய சிப்புகளுக்கு வடபாலம், தென்பாலம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியாயிற்று. "தென்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள பாலத்தை எடு" என்றால் படிக்கிறவன் கதி என்ன?

பொருள்: மறு: பாலம்
குளச்சல்

தொப்பி என்று ஒருவர் தனியஞ்சலில் கேட்டார். உருவத்துக்குப் பொருத்தம், வேலைக்கு இல்லை. கவ்வியும் சரிப்படாது, மல்ட்டிமீட்டர் முனையில் வரும் முதலைக்கவ்விக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

சொல் எதுவானாலும் எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்காக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்து இந்தத் துண்டைத்தான் முதலில் பிடிக்கின்றன. தங்கப்பூச்சுள்ள பின்னில் வெள்ளீயப் பூச்சுத் துண்டை மாட்டினால் இன்னும் சீக்கிரம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெஷின் ஒருநாள் 166 மெகாஹெர்ட்ஸில் எழும், மறுநாள் வேறு வேகத்தில் எழும், அதற்கடுத்த நாள் எழவே எழாது. பிராசசர் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் துண்டை நேராக மேலே உருவி, நாலைந்து தடவை மாட்டிக் கழற்றுங்கள்; உரசலில் களிம்பு போகும். பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பின்னோடு பின் அளந்தால் ஒரு ஓமுக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் துண்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கின் பின்பக்கத்தில் எப்படியும் ஒன்று இருக்கும்.

பென்டியத்துக்கு முந்தைய 386, 486 பிராசசர் போர்டு என்றால் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீலமோ பச்சையோ ஆன 3.6 வோல்ட் உருளை பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஒழுகினால் வருவது காரம், அமிலம் அல்ல. பக்கத்துப் பின்களெல்லாம் களிம்பேறிக் கிடக்கும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை வினிகரைத் தொட்டு வையுங்கள். நுரை அடங்கியதும் தேய்த்து, சுத்தத் தண்ணீரில் கழுவி, ஆல்கஹால் தடவிக் காயவிடுங்கள். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற கை இங்கேயும் புளியைத் தேடும். வேண்டாம். புளியின் சக்கையும் சர்க்கரையும் தடங்களுக்கிடையில் ஒட்டி, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரி இருந்த ஓட்டையில் சிஆர் 2032 பட்டன் செல்லை நேரே பற்றவைத்தும் விடாதீர்கள். போர்டு பழைய பேட்டரியை சார்ஜ் செய்த மாதிரி இதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். செல் ஊதிப் போகும். நடுவில் ஒரு டயோடு வேண்டும். பல 486 போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நாலு பின் வரிசை தனியாக உண்டு: 1 நேர், 4 எதிர். அதில் 2–3இல் துண்டு மாட்டியிருந்தால் உள் பேட்டரி என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு வெளியிலிருந்து இணைக்கலாம்.

பொருள்: கொண்டி?
மார்த்தாண்டம்

மேலே குளச்சல் தம்பி எழுதியதில் துண்டு துண்டு என்று எத்தனை வருகிறது பாருங்கள். அந்த இடத்தில் கொண்டி என்று போட்டுப் படித்துப் பார்த்தேன்.

கதவுக்குப் போடுகிற கொண்டிதான். போட்டால் மூடியது, எடுத்தால் திறந்தது. போர்டோடு வரும் ஆங்கிலத் தாளிலும் இந்த இரண்டே நிலைதான்: மூடியது, திறந்தது. மின்சுற்றுக்கும் நாம் அதையேதான் சொல்கிறோம். வினைச்சொல்லை உண்டாக்க வேண்டியதே இல்லை. கொண்டி போடு, கொண்டி எடு, கொண்டி போட்டிருக்கா, எல்லாம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. கலைச்சொல் தோற்பது பெரும்பாலும் பெயரில் அல்ல, வினை ஒட்டாததில்தான். "குதிப்பியை இடு" என்று யார் வாயில் வரும்?

பொருள்: மறு: கொண்டி?
குலசேகரம்

டீச்சர், சங்க இலக்கியத்தில் கொண்டி என்றால் கொள்ளைப்பொருள் அல்லவா? வயலில் புகுந்து மேய்கிற மாட்டையும் கொண்டி மாடு என்போம். பிறகு, கதவுக்கொண்டி பூட்டுகிறது, தடுக்கிறது. இது நேர்மாறாக வழிவிடுகிறதே.

பொருள்: மறு: கொண்டி?
மார்த்தாண்டம்

மாடு மதர்போர்டில் மேயப்போவதில்லை. அந்தக் குழப்பத்தை விட்டுவிடலாம். இரண்டாவது கேள்வி நியாயம். கதவு மூடினால் ஆள் போக முடியாது, சுற்று மூடினால் மின்சாரம் போகும். ஆனால் இந்த முரண் கொண்டியால் வந்ததல்ல, "மூடிய சுற்று" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்தே இருக்கிறது. அங்கே குழம்பாத பிள்ளை இங்கேயும் குழம்பாது.

பொருள்: மறு: கொண்டி? (சோதனை)
தக்கலை

சொல்லை வாதத்தில் அல்ல, வேலையில் வைத்துப் பார்ப்போம். பென்டியம் 166 பிராசசரை எடுத்துவிட்டு அதற்குப் பின்வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் 233 போடுகிற பகுதியை முழுக்கக் கொண்டியில் எழுதியிருக்கிறேன். நட்டமாக நிற்பவற்றுக்கு முளை என்று முயன்றேன், மாடு கட்டுகிற முளைபோல. எழுதும்போதே பின் என்றுதான் கை போகிறது; பின்னையே வைத்துக்கொண்டேன்.

"மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கவும். சுவிட்சை அணைத்தால் போதாது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அணைந்திருக்கும்போதும் போர்டுக்கு 5 வோல்ட் விட்டுக்கொண்டிருக்கும். இப்போதுள்ள எல்லாக் கொண்டிகளையும் போன் கேமராவில் படம் எடுக்கவும். பழைய பிராசசரைக் கழற்றவும்.

முதலில் வோல்ட் கொண்டி. பழைய பென்டியத்துக்கு 3.3 அல்லது 3.5 வோல்ட்தான், உள்ளும் புறமும் ஒன்றே. எம்எம்எக்ஸுக்கு உள்ளே 2.8, வெளியே 3.3. உங்கள் போர்டின் கொண்டி அட்டவணையில் 2.8 என்ற வரியே இல்லையென்றால் இங்கேயே நிறுத்தவும். அந்த போர்டுக்கு எம்எம்எக்ஸ் ஆகாது. 3.5இல் போட்டாலும் ஓடும், ஆனால் கை வைக்க முடியாத சூட்டில் ஓடிச் சீக்கிரம் போகும்.

அடுத்து பஸ் (போர்டில் தகவல் ஓடும் வழி) வேகக் கொண்டி: 66 மெகாஹெர்ட்ஸ். ஏற்கெனவே 166 ஓடியதென்றால் அது சரியாகத்தான் இருக்கும், தொட வேண்டாம்.

கடைசியாகப் பெருக்கிக் கொண்டி (பஸ் வேகத்தைப் பெருக்கி பிராசசர் வேகம் ஆக்குவது), பிஎஃப்0, பிஎஃப்1 என்று இரண்டு. பல போர்டுகளில் 166க்கு இரண்டிலும் கொண்டி போட்டிருக்கும், அதாவது 2.5 மடங்கு. 233க்கு 3.5 மடங்கு வேண்டும். பழைய அட்டவணையில் 3.5 இருக்காது. 1.5க்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதை வைக்கவும், பெரும்பாலும் இரண்டு கொண்டியையும் எடுப்பது. பழைய பென்டியம் 1.5 என்று படிக்கிற அதே நிலையை எம்எம்எக்ஸ் 3.5 என்று படிக்கும்."

எழுதி முடித்தபின் பார்த்தால் எங்கேயும் இடறவில்லை. வோல்ட் கொண்டி, பெருக்கிக் கொண்டி என்று முன்னால் ஒட்டுவதும் எளிதாக வருகிறது. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

பொருள்: மறு: கொண்டி? (சோதனை)
குளச்சல்

மூன்று திருத்தம். ஒன்று, எம்எம்எக்ஸ் 233 அதிகபட்சம் 17 வாட் வரை சூடு விடும். 166இன் சின்ன ஹீட்சிங்க்கை அப்படியே மாட்டாதீர்கள், விசிறியுள்ளதாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு, இதே தந்திரம் ஏஎம்டி கம்பெனியின் கே6-2 பிராசசருக்கும் உண்டு. பின்னாளில் வந்த சிப்புகள் 2 மடங்கு நிலையை 6 என்று படிக்கும், 66 பஸ்ஸிலேயே 400 கிடைக்கும். ஆனால் அதற்கு உள் வோல்ட் 2.2, சிப்பின் தலையிலேயே அச்சடித்திருக்கும். போர்டு அவ்வளவு இறங்குமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. விண்டோஸ் 95 வைத்திருப்பவர்கள் 350 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ போனால் ஏறும்போதே பாதுகாப்புப் பிழை என்று நின்றுவிடும், அதற்குத் தனித் திருத்தக் கோப்பு (பேட்ச்) உண்டு. 98இல் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது கொண்டி சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் எல்லாரும் விழுகிற குழி. 430டிஎக்ஸ் சிப்செட் போர்டில் 128 எம்பி ராம் போட்டால் வேகம் கூடாது, குறையும். அதன் இரண்டாம் நிலை கேஷ் (வேக நினைவகம்) ராமின் முதல் 64 எம்பியைத்தான் கவனிக்கும். விண்டோஸோ ராமின் மேல்முனையிலிருந்து இடம் பிடிக்கத் தொடங்கும். 64இல் நிறுத்துங்கள்.

பொருள்: மூன்று பின் கொண்டி
நாகர்கோவில்

கொண்டி என்றே வைத்துக்கொள்வோம். பாக்கி மூன்று இடம்.

சீமாஸ் (மெஷினின் தொடக்க அமைப்புகளை நினைவில் வைக்கும் இடம்) அழிப்பதற்கான மூன்று பின். "கொண்டியை 1–2இலிருந்து 2–3க்கு மாற்றி, பத்து வினாடி விட்டு, பழையபடி 1–2இல் போடவும்" என்று எழுதியிருக்கிறேன். மாற்றுகிறோம் என்பதால் இங்கே எடு, போடு போதாது. பல போர்டு 2–3இலேயே விட்டுவிட்டால் எழாது என்ற எச்சரிக்கையும் சேர்த்தாயிற்று.

இரண்டாவது, ஒரே பின்னில் பாதியாக மாட்டித் தொலையாமல் வைப்பது. மாட்டியிருக்கிறதே என்று புதியவர்கள் அதை மூடிய நிலையாக எண்ணிவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கில் அளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர்.

பொருள்: மறு: மூன்று பின் கொண்டி
மார்த்தாண்டம்

ஒரே பின்னில் நிற்பது தொங்குகொண்டி. கதவிலும் மாட்டாமல் தொங்குவது அதுதான்.

பொருள்: மறு: மூன்று பின் கொண்டி
தக்கலை

தொங்குகொண்டி பிரமாதம். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளுக்கு அது உடனே வேண்டும். மற்ற கம்பெனி டிஸ்க் தனியாக இருந்தாலும் முதன்மை நிலையில் கொண்டி போடலாம். வெஸ்டர்ன் டிஜிட்டலில் பல மாதிரிகளுக்கு, இரண்டாவது டிஸ்க் இல்லாமல் முதன்மைக் கொண்டி போட்டால் பயாஸுக்கு (மெஷினை எழுப்பும் போர்டு நிரலுக்கு) டிஸ்க்கே தெரியாது. கொண்டியை எடுத்துவிட வேண்டும், அல்லது தொங்குகொண்டியாக வைக்க வேண்டும்.

அளவு குறைக்கிறதுக்கு வரம்புக்கொண்டி. தொண்ணூறுகளின் அவார்டு பயாஸ் பலவும் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டதும் தேடுகிற இடத்திலேயே உறைந்துவிடும். 40 ஜிபி டிஸ்க்கில் வரம்புக்கொண்டி போட்டால் அது தன்னை 32 என்று சொல்லிக்கொள்ளும், மெஷின் எழும். மிச்ச இடம் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள்: மறு: மூன்று பின் கொண்டி
குளச்சல்

லேப்டாப் டிஸ்க்கில் பின் இடைவெளி 2 மில்லிமீட்டர், போர்டில் 2.54. சாதாரணக் கொண்டியை அங்கே அழுத்தினால் பின் வளையும். சிறுகொண்டி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பொருள்: மறு: மூன்று பின் கொண்டி
நாகர்கோவில்

சேர்த்தாச்சு. கம்பி பற்றவைப்பதற்குக் கொண்டி கிடையாது, ஒட்டுக்கம்பி. டீச்சரின் நாலாவது பொருளும் அதோடு தீர்ந்தது. நாளைக்கு சவுண்ட் கார்டு அத்தியாயம். ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட் கார்டில் ஐஆர்க்யூ (கார்டு பிராசசரைக் கூப்பிடும் வழி) 5க்கும் 7க்கும் கொண்டி போட வேண்டும், ஆனால் ஐஆர்க்யூவுக்கே இன்னும் சொல் இல்லை. குறுக்கீடு என்று யாராவது தொடங்குவதற்கு முன்: ரேடியோ இரைச்சலுக்கு அதை ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம்.