புதுப்பிப்பு: மடிப்புச் சைக்கிளில் 14 பல் பின் பற்சக்கரத்தைக் கழற்றி 18 பல் போட்டாச்சு

என் 20 அங்குல மடிப்புச் சைக்கிளில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்து எதிர்காற்றில் மிதிக்கவே முடியவில்லை என்று புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐந்து கியர் ஹப் (கியர்கள் உள்ளேயே இருக்கும் பின்சக்கர நடுப்பகுதி) வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், என் பர்ஸ் சம்மதிக்கவில்லை. பலித்தது, பின்பல்லை மட்டும் மாற்றச் சொன்ன தம்பியின் யோசனைதான்.

முன்னால் பெடலோடு சுற்றும் பற்சக்கரம் அதே 52 பல், பின்னால் அதே ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப். முதல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் நகரும் தூரம் முன்பு ஏறத்தாழ 4.2 மீட்டர், இப்போது 3.3; அந்த அளவுக்கு மிதி லேசு. பாலத்தில் இறங்கித் தள்ளுவதில்லை. மட்டக்களப்பின் தட்டை ரோட்டில்கூடக் கனமாக இருந்ததால் சும்மா கிடந்த மூன்றாம் கியருக்கும் இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

எதிர்பாராதது இரண்டு. பழைய செயின் ஓர் அங்குலம் போதவில்லை. அப்புறம், சக்கரத்தைத் திரும்பப் பூட்டியதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெடல் வெறுமனே சுற்றியது. ஹப் பழுதில்லை, கேபிள் இழுவைதான் பிசகு. இரண்டாம் கியரில் வைத்து, அச்சுக்குள்ளிருந்து வந்து கேபிளோடு இணையும் உள்கம்பியின் முனை அச்சு முனையோடு சமமாகும்வரை கேபிள் திருகைத் திருகினேன், சரியாகிவிட்டது.