கை எட்டாத இடத்தில் முடி இருந்தது

கண்டனூரில் எங்கள் அப்பத்தா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ராமு என்று ஒரு குரங்கு இருந்தது. நம் கோயில்களில் திரிகிற நாட்டுக்குரங்குதான், தொப்பி கவிழ்த்த மாதிரி தலைமுடி இருக்குமே, அது. தாய் கரண்டு கம்பியில் அடிபட்டுச் செத்தபோது குட்டியாக எடுத்து வந்தார்களாம். வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், தூணோடு சேர்த்துச் சங்கிலி. அந்த வீட்டு ஆச்சி சோறு, வாழைப்பழம், சீப்புச் சீடை என்று எதிலும் குறை வைத்ததில்லை. பாசமாகத்தான் வளர்த்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு சித்திரை விடுமுறையில் போனபோது ராமுவுக்கு முன்கை இரண்டும் தொடையும் மொட்டை. சொறி என்று ஒரு மாதம் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவினார்கள். பயனில்லை. எல்லோரும் தூங்கும் மத்தியானத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முடியைப் பிடுங்கும், உற்றுப் பார்க்கும், வாயில் போட்டு மெல்லும். அப்புறம் அடுத்த முடி.

மாடு பார்க்க வந்த கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். தோலைச் சுரண்டிப் பார்த்தார், சொறிப்பூச்சி இல்லை. பொருக்கும் இல்லை. "முதுகு நடுவுல பாரு தம்பி, முடி அடர்த்தியா இருக்கு. அதுக்குக் கை எட்டாத இடம்" என்றார். அந்த வார்த்தை இன்னும் மனதில் நிற்கிறது. காட்டுக் குரங்குக்குப் பகலில் பெரும்பொழுது இரை தேடவும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கவுமே சரியாகிவிடும். ராமுவுக்குத் தட்டில் சோறு வந்துவிடும், பேன் பார்க்க ஆள் கிடையாது. சும்மா இருந்த கை தன் உடம்பிலேயே வேலை தேடிக்கொண்டது.

வைக்கோலில் நிலக்கடலையும் நெல்லும் தூவிவிடச் சொன்னார் மருத்துவர். தேடித் தேடித் தின்றது. தை மாதம் போனபோது தொடையில் பூமுடி வந்திருந்தது. முன்கையில் வரவில்லை. சங்கிலியும் அப்படியேதான் கிடந்தது. இன்றைக்கு அப்படி வளர்ப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்று அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

*

ராமுவின் கதையைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு வித்தைக்காரர் கொண்டுவந்த குரங்குக்கு இடுப்பைச் சுற்றி மட்டும் வளையமாக முடி இருக்காது. கயிறு உராய்ந்து தேய்ந்தது. 1998-இல் குரங்கை வைத்து வித்தை காட்டுவதற்கு மத்திய அரசு தடை போட்டது. அந்த வளையம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

ராமுவைப் பற்றி எழுதிய அண்ணன் சொன்னது சரி. ஆனால் மொட்டையாக இருந்தாலே பிடுங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். படர்தாமரை, சத்துக்குறைவு, முதுமை எதனாலும் உதிரும். வட இந்தியாவில் பரவலாக உள்ள ரீசஸ் என்ற குரங்கினத்தில் சினையாக இருக்கும்போது முடி கொட்டி, குட்டி போட்ட பிறகு திரும்ப வளர்வதும் உண்டு. கூண்டில் இரண்டு மூன்று இருந்தால் கை எட்டாத முதுகுகூட மொட்டையாகும், பிடுங்குவது பக்கத்துக் குரங்காக இருக்கும். அதனால் மருந்தை எடுக்குமுன் ஒரு மத்தியானம் முழுக்கத் தள்ளி உட்கார்ந்து, யார் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.