ஜிபிஎஸ் இருக்கும்போது கணியம் எதற்கு?

குளச்சல்காரன்:
எங்கள் வள்ளத்துக்குப் புதிதாக வந்த பையனிடம் கணியம் பார்க்கச் சொன்னேன். "ஜிபிஎஸ்ல புள்ளி இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்கிறான். கணியம் என்றால் கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பது. கரையில் நிற்கும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலை முகட்டையும் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் அடியில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும், மீனும் இருக்கும். இதற்கு பேட்டரி வேண்டாம். இந்த வித்தையை விட்டுவிடலாம் என்கிறீர்களா?

தங்குகடல்:
அண்ணே, கரை கண்ணுக்குத் தெரியும்வரைதானே உங்கள் கணியம்? குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கின்றன. அங்கே எந்த மலையைப் பார்ப்பது? மழை மூடினால் பக்கத்திலேயே கோபுரம் தெரியாது.

குளச்சல்காரன்:
ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பரிலும் ஆழ்கடல் படகுகளில் ஜிபிஎஸ் இருந்ததே, என்ன பயன்?

தங்குகடல்:
இரண்டையும் குழப்புகிறீர்கள். ஜிபிஎஸ் நாம் இருக்கும் இடத்தை நமக்குச் சொல்லும், கரைக்குச் சொல்லாது. அன்று இல்லாமல் போனது தகவல் தொடர்பு. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியில் இப்போது படகிலிருந்தே கரைக்குச் செய்தி அனுப்பலாம். கணியத்தில் அது நடக்குமா?

பழைய மாலுமி:
நான் குளச்சல்காரர் கட்சி. 1995 ஜூனில் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டன் போனது. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனா கம்பி கழன்றுவிட்டது. கருவி வேகத்தையும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றரை நாள் யாரும் கவனிக்கவில்லை. 17 மைல் விலகிப் போய், நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறி நின்றது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

தங்குகடல்:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் ஐயா. ஓட்டும் அறையிலேயே லோரான் என்ற இன்னொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது கருவியின் குற்றமா?

பழைய மாலுமி:
ஒப்பிடும் பழக்கம் போனதே கருவியை நம்பித்தானே, தம்பி?

குளச்சல்காரன்:
எனக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் உண்டு. முன்பு ஒரு பாரின் கணியம் இரண்டு மூன்று குடும்பத்துக்குத்தான் தெரியும். இப்போது புள்ளி போனுக்குப் போன் தாவி, ஒரே பாரில் இருபது வள்ளம் நிற்கிறது.

தங்குகடல்:
அது நியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக அந்தப் பையனின் கருவியைப் பிடுங்காதீர்கள்.

குளச்சல்காரன்:
பிடுங்கவில்லை. நாளைக்கு ஜிபிஎஸ் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பாரைத் தேடச் சொல்வேன். எவ்வளவு தள்ளி நங்கூரம் போடுகிறான் என்று அப்புறம் துண்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.