பொள்ளாச்சி - வால்பாறை - சாலக்குடி, பஸ்ஸிலேயே போக முடியுமா?

வணக்கம் நண்பர்களே. மே மாதம் நானும் அம்மாவும் கார் எடுக்காமல், பொள்ளாச்சியில் பஸ் ஏறி ஆழியாறு வழியாக வால்பாறை போய், இரண்டு நாள் தங்கி, அப்புறம் மளுக்கப்பாறை தாண்டி அதிரப்பள்ளி அருவியைப் பார்த்துவிட்டு சாலக்குடியில் ரயில் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். வால்பாறை வரை கவலையில்லை, 40 கொண்டை ஊசி வளைவுக்கும் அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். அதற்கு மேல்தான் குழப்பம். மளுக்கப்பாறையிலிருந்து சாலக்குடிக்குக் கேரள அரசு பஸ் இருக்கிறது, சரி, வால்பாறையில் காலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் அதைப் பிடிக்கலாம்? நடுவில் அருவியில் இறங்கினால் அடுத்த பஸ் எப்போது? போன வருடம் வேறொரு மலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்புக்கு 1,500 ரூபாய் அழுதேன். சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்.